சயாம் வாங்கிக்கொண்டதும் வேண்டாமென்றதும்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்துச் செயலாளர் அண்ணன் மூன்று முறை ஃபோன் செய்துவிட்டார். ஹாஸ்டல் நினைவுகளை என்னைவிடச் சுவையாக எழுத நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே, மூன்றாம் ஆண்டில் மொட்டை மாடியில் பாதியில் நின்றுபோன ஒரு சண்டையை இங்கே தொடரலாம் என்று இருக்கிறேன்.

"மிஷனரிங்க மதம் மாத்தத்தானேடா வந்தாங்க?" என்றான் என் அறை நண்பன். "அவங்க வரலேன்னா எங்க தாத்தா பள்ளிக்கூட வாசலையே மிதிச்சிருக்க மாட்டாரு" என்றேன் நான். விடிய விடியப் பேசினோம். மறுநாள் தெர்மோடைனமிக்ஸ் தேர்வில் இருவருக்கும் கிடைத்த மார்க்கை இங்கே எழுத வேண்டாம்!

பல வருடம் கழித்து, ஓர் ஆலையில் இயந்திரம் நிறுவுவதற்காக எங்கள் கம்பெனி என்னைப் பாங்காக்குக்கு அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவ் பிரயா ஆற்றங்கரையில் உள்ள வாட் பிரயூன் என்ற பௌத்தக் கோயிலுக்குப் போனேன். ஆமைகள் நிறைந்த குளம் ஒன்று அங்கே உண்டு. ஜனங்கள் பழத்துண்டுகளைக் குச்சியில் குத்தி அவற்றுக்கு ஊட்டுகிறார்கள். பக்கத்தில் மூன்று பீரங்கிகளைத் தலைகீழாக நட்டு வைத்தது போல ஒரு நினைவுச் சின்னம். இது என்ன என்று விசாரிக்கப் போய்த்தான் டாக்டர் டான் பீச் பிராட்லியின் கதை எனக்குக் கிடைத்தது.

1837 ஜனவரியில் இந்தக் கோயில் விழாவில் வாணவேடிக்கைக்கு வைத்திருந்த பீரங்கி வெடித்துச் சிதறியது. பலர் செத்தார்கள். ஒரு பிக்குவின் கை நொறுங்கிப்போயிற்று. அமெரிக்க மிஷனரி டாக்டரான பிராட்லி அந்தக் கையை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பிக்கு பிழைத்துக்கொண்டார். மேற்கத்திய முறையில் சயாம் கண்ட முதல் பெரிய அறுவை சிகிச்சை இதுதான் என்கிறார்கள். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல வந்தவர் கையால் புத்த பிக்கு உயிர் பிழைத்தார். அதற்காகப் பிக்கு காவியைக் கழற்றவும் இல்லை, டாக்டர் அப்படிக் கேட்டதாகவும் நான் எங்கும் படிக்கவில்லை.

பிராட்லி பாங்காக்கில் இறங்கியது 1835 ஜூலையில், சரியாக அவருடைய 31வது பிறந்த நாளில். அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டுதான் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த மிஷன். தமிழில் மருத்துவம் கற்றுக்கொடுத்த டாக்டர் கிரீனை 1847-இல் அனுப்பியதும் அதே போர்டு.

மருந்துப் பெட்டியோடு சிங்கப்பூரிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தையும் பிராட்லி கொண்டு வந்தார். எஞ்சினியர் என்பதால் எனக்கு இந்த இடத்தில்தான் கண் நிற்கிறது. தாய் எழுத்தை அச்சில் கோப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மெய்யெழுத்துக்கு மேலே ஓர் உயிர்க்குறி, அதற்கும் மேலே ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, கீழே வேறொரு குறி என்று மாடி மேல் மாடியாக நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியும் கிடையாது. கி, கூ எழுதும் நாமே மலைத்துப் போவோம். 1836-இல் பத்துக் கட்டளைகள் அச்சாயின. 1841-இல் பாங்காக்கிலேயே புது எழுத்துகளை வார்த்துவிட்டார்கள்.

முதலில் அந்த இயந்திரத்தின் அருமையைக் கண்டுகொண்டது அரண்மனை. 1839-இல் அபினைத் தடை செய்யும் ஆணையை 9,000 பிரதி அச்சடிக்கச் சொன்னார் மூன்றாம் ராமா. சயாம் அரசு அச்சிட்ட முதல் ஆவணம் அது. அம்மை குத்துவதைக் கற்றுக்கொள்ளும்படி அரண்மனை வைத்தியர்களையும் பிராட்லியிடம் அனுப்பினார். பச்சை உடம்புக்காரியை நாள் கணக்கில் நெருப்பருகே கிடத்தி வைக்கும் வழக்கம் அப்போது அங்கே இருந்தது. அதைக் கண்டு மனம் பொறுக்காமல், 1842-இல் பிரசவ மருத்துவம் பற்றித் தாய் மொழியில் நூலே போட்டார் டாக்டர். 1844-இல் 'பாங்காக் ரெக்கார்டர்', தாய் மொழியின் முதல் செய்தித்தாள். 1861-இல் லண்டன் பயணம் பற்றிய ஒரு கவிதை நூலை 400 பாட் கொடுத்து உரிமை வாங்கி வெளியிட்டார். அந்த நாட்டில் பதிப்புரிமை என்பதற்கு அதுதான் பிள்ளையார் சுழி.

எல்லாம் சரி, வந்த வேலை? அங்கேதான் இடி. சயாமியரில் மதம் மாறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1845-இல் மனைவி எமிலி காசநோயில் இறந்தார். 1840களின் கடைசியில் போர்டே சயாமைக் கைவிட்டது. ஊருக்குப் போன பிராட்லி வேறொரு மிஷன் மூலம் 1850-இல் திரும்பி வந்தார். சம்பளம் போதாமல் சட்டப் புத்தகமும் சீனப் போர்க்கதையும் அச்சடித்து விற்றுக் காலம் தள்ளினார். பிரசங்கத்தையும் விடவில்லை. நானாக இருந்தால் அடுத்த கப்பலைப் பிடித்திருப்பேன்.

எதிர்ப் பக்கத்தில் இருந்தவர் சாமானியர் அல்ல. இளவரசர் மோங்குட் 27 ஆண்டுகள் காவி உடுத்திய பிக்கு. மிஷனரி காஸ்வெலிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, பதிலுக்குத் தம் கோயில் வளாகத்திலேயே பிரசங்கம் செய்ய ஓர் அறை கொடுத்தார்! கத்தோலிக்க பிஷப் பல்லெகுவாவிடம் லத்தீன் படித்தார். பிறகு தம் கோயிலிலேயே அச்சகம் வைத்து, பாலி மொழிக்குத் தாமே ஓர் எழுத்தை உருவாக்கிப் பௌத்த நூல்களை அச்சிட்டார். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் மிஷனரியுடன் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849-இல் சொந்தமாக அச்சு இயந்திரம் வாங்கிச் சைவத்துக்கு நூல் போட்டது ஞாபகம் வருகிறதா? மோங்குட் அரசரான பின், 1867-இல் அவருடைய அமைச்சர் திபாகரவோங் விஞ்ஞானத்தை ஏற்றுப் பௌத்தத்தைத் தாங்கி, மிஷனரிகளுக்குப் பதில் சொல்லி ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லா இடத்திலும் இப்படிப் பேசியே தீரவில்லை. பிராட்லியின் மருமகன் மெக்கில்வரி 1867-இல் சியாங் மாய்க்குப் போனார். அங்கே 1869-இல் மதம் மாறிய இருவரைச் சிற்றரசர் கொன்றார். 1878-இல்தான் மதச் சுதந்திர ஆணை வந்தது. இன்றைக்கும் தாய்லாந்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான்.

ஆலையில் நான் எழுதிக் கொடுத்த செயல்முறைக் குறிப்பு நாற்பது பக்கம். உள்ளூர் ஆபரேட்டர்கள் ஆறு பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள், மீதியை மரியாதையாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இயந்திரம் நன்றாகவே ஓடியது. முதலில் கோபம் வந்தது, பிறகு பிராட்லியை நினைத்துக்கொண்டேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். மதம் மாற்றத்தான் வந்தார்கள் என்றான் நண்பன், அது உண்மை. பிராட்லியே அதை மறைத்ததில்லை. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் சயாமியர்கள். மொட்டை மாடியில் நாங்கள் இருவருமே வந்தவர்களைப் பற்றித்தான் பேசினோம், வாங்கிக்கொண்டவர்களை மறந்துவிட்டோம். என் தாத்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாரோன் குருங் சாலையில் ஆற்றை ஒட்டிய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1873-இல் இறந்த பிராட்லி அங்கேதான் இருக்கிறார். அந்த நிலத்தை 1853-இல் கொடுத்தவர் மன்னர் மோங்குட்.

டேய், ரீயூனியனுக்கு வருவேதானே? மாடிச் சாவியை வாட்ச்மேனிடம் நான் கேட்டு வைக்கிறேன்.