இருபத்தாறு பெட்டிகள்

1958 அக்டோபர் 8. ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சனின் உடலுக்குள் ஒரு பேஸ்மேக்கரைப் பொருத்தினார் டாக்டர் ஓக்கே சென்னிங். உலகிலேயே அதுதான் முதல் முறை. கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது, வேறொன்றை வைத்தார்கள். 2001இல் தன் 86ஆவது வயதில் இறப்பதற்குள் லார்சன் 26 பேஸ்மேக்கர்களைப் பார்த்துவிட்டார்.

உடலுக்குள் வைக்கும் மின்கருவிகளின் வரலாறு மாற்றிவைத்தலின் வரலாறும்தான். 1967இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி, தீராத வலிக்காக முதுகுத்தண்டைத் தூண்டும் கருவியைப் பொருத்தினார். 1987இல் பிரான்சில் பெனாபிட் குழுவினர் மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் கொடுத்து நடுக்கத்தை அடக்கினார்கள். இன்றைய கருவிகளில் கம்பி உள்ளேயே இருக்கும். தோலடியில் இருக்கும் பெட்டியின் பேட்டரிதான் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். பேட்டரி போச்சுன்னா நடுக்கம் திரும்பி வரும். மறுபடி தோலைத் திறக்கணும், பெட்டியை மாத்தணும்.

இதற்கு எப்படிப் பில் போடுவது? அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் சிகிச்சைகளுக்கு எண் கொடுக்கும் நூலை வெளியிட்டது. அந்த வரிசையில் இன்று 63685 என்பது முதுகுத்தண்டுத் தூண்டியின் பெட்டியை 'வைத்தல் அல்லது மாற்றுதல்'. முதல் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் அதே எண்தான். பழைய பெட்டியை எடுத்ததற்குத் தனிக்காசு கிடையாது. புதுப்பெட்டிக்கு மட்டும் வேறு எண், வேறு விலை. டாக்டரின் கைக்கு ஒரு கணக்கு, பெட்டிக்கு ஒரு கணக்கு.

நம் நாட்டிலும் இதே பிளவுதான். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின்கீழ் 2006இல் வந்த விதிமுறைகள், 13ஆம் அட்டவணையில் டாக்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தன. 2013இல் அறுவைச் சிகிச்சைக் கட்டணங்களுக்கான வரம்பு 14.4 விழுக்காடு உயர்ந்தது. பெட்டியின் விலைக்கு அந்த அட்டவணையில் வரம்பே இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்பது நமக்குப் பெருமை. ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் அந்த 1 வெள்ளிக்குள் அடங்குவதில்லை. மேருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநரால் வாங்க முடியாதென்றால், ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவு வழியாக மருத்துவ உதவி நிதிக்கு மனு போடணும். மனுவுக்குப் பதில் வரும்வரை பேட்டரி காத்திருக்காது.

லார்சனின் கதையைச் சாதனையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் பெட்டியை வைக்கும் அன்றைக்கே, "அடுத்ததுக்கு யாரு காசு கட்டுறது?" என்று கேட்டுவிடுவது நல்லது. குறியீட்டில் 'அல்லது' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும் விஷயம், நோயாளி வீட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து நிற்கும் கடன்.