வேட்டையாளர் சுடுதிறன் தேர்வு

வேட்டையாளர் சுடுதிறன் தேர்வு என்பது, ரைபிள் எனப்படும் நீள்குழல் துப்பாக்கியைக் கொண்டு மான், கரடி முதலிய பெருவிலங்குகளை வேட்டையாட விரும்பும் ஒருவர், தம் குறிபார்த்துச் சுடும் திறனை முன்கூட்டியே மெய்ப்பிப்பதற்காக நடத்தப்படும் செயல்முறைத் தேர்வு ஆகும். நோர்வே, பின்லாந்து, சுவீடன், டென்மார்க், செருமனி ஆகிய நாடுகளில் இது வெவ்வேறு வடிவங்களில் நடைமுறையில் உள்ளது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் மிகச் சிறந்தவரைக் கண்டறிவதே நோக்கம். இத்தேர்விலோ புள்ளிகளும் பரிசுகளும் இல்லை. வேட்டைக்குச் செல்லத் தகுதியற்றவரைத் தடுத்து நிறுத்துவதே இதன் நோக்கமாகும்.

நோக்கம்

பெருவிலங்கு வேட்டையில் குறி வைக்கப்படும் இடம், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே அமைந்துள்ள இதய நுரையீரல் பகுதி ஆகும். அங்கே குண்டு பட்ட விலங்கு சிறிது நேரத்தில் விழுந்து இறக்கும். குண்டு வயிற்றிலோ காலிலோ தாடையிலோ பட்டால், விலங்கு காயத்துடன் நெடுந்தொலைவு ஓடி, பல மணி நேரமோ பல நாட்களோ துன்புற்று இறக்கக்கூடும். அது வேட்டையாளரின் கண்ணில் படாமலே போவதும் உண்டு. நோர்வேயில் மூசு, செம்மான், ரோ மான் ஆகியவற்றை வேட்டையாடுவோர், காயமுற்ற விலங்கைத் தேடப் பயிற்சி பெற்ற நாய் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது விதி. நாய் தேவைப்படும் நிலையே வராமல் காப்பது சுடுதிறன் தேர்வின் பணி எனலாம்.

நாடுகளில் உள்ள முறைகள்

நோர்வே: வேட்டையில் புதிதாக ஈடுபடுவோர் வேட்டையாளர் தேர்வில் தேறுவது 1986ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக உள்ளது. அத்தேர்வை வாழ்நாளில் ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் பெருவிலங்கு வேட்டைக்குரிய சுடுதல் தேர்வில் ஒவ்வோர் ஆண்டும் தேற வேண்டும். குறைந்தது 30 முறை சுட்டுப் பயிற்சி செய்த பின், 100 மீட்டர் தொலைவிலுள்ள விலங்கு உருவத்தை நோக்கி ஐந்து முறை சுட வேண்டும். ஐந்து குண்டுகளும் 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் பட வேண்டும். ஒன்று தவறினாலும் அம்முயற்சி தோல்வியே.

பின்லாந்து: மூசு போன்ற மானினங்களுக்கான தேர்வில் 75 மீட்டர் தொலைவிலிருந்து 90 நொடிகளுக்குள் நான்கு முறை சுட வேண்டும், நான்கும் 23 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அமைய வேண்டும். கரடி வேட்டைக்கான தேர்வில் வட்டத்தின் விட்டம் 17 செ.மீ. மட்டுமே. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

சுவீடன்: வேட்டையாளர் தேர்வு 1985ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்துத் தேர்வுடன் சுடுதல் தேர்வும் இதில் அடங்கும். மூசு உருவம் தண்டவாளத்தின் மீது நகரும் 80 மீட்டர் சுடுதளங்கள் இந்நாட்டில் பரவலாக உள்ளன.

செருமனி: மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன. பொதுவாக 100 மீட்டரில் அசையாத ரோ மான் உருவமும், அதைவிடக் குறைந்த தொலைவில் ஓடும் காட்டுப்பன்றி உருவமும் பயன்படுத்தப்படுகின்றன.

கடுமையை ஒப்பிடல்

தொலைவும் வட்டத்தின் அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கோண அளவைக் கொண்டே தேர்வுகளை ஒப்பிட இயலும். நோர்வேயின் 30 செ.மீ. வட்டம் 100 மீட்டரில் உள்ளது. பின்லாந்தின் 23 செ.மீ. வட்டத்தை 100 மீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 31 செ.மீ. வரும். ஆகவே இரண்டும் குறியின் அளவில் ஏறத்தாழச் சமம். பின்லாந்தின் தேர்வைக் கடினமாக்குவது அதன் கால வரம்பாகும். கரடிக்கான வட்டமோ 100 மீட்டரில் ஏறக்குறைய 23 செ.மீ.க்கு ஈடாகும். காயமுற்ற கரடி மனிதரைத் தாக்கக்கூடியது என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

நிகழ்தகவும் தேர்வும்

சில குண்டுகளை மட்டும் கொண்டு ஒருவரின் திறனை அளப்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஐந்தில் ஐந்தும் பட வேண்டும் என்ற விதியில், ஒருவர் ஒரே முயற்சியில் தேறும் வாய்ப்பு வருமாறு:

- சராசரியாக 100க்கு 95 முறை வட்டத்தில் சுடுபவர்: ஏறக்குறைய 77 விழுக்காடு
- 100க்கு 90 முறை சுடுபவர்: ஏறக்குறைய 59 விழுக்காடு
- 100க்கு 80 முறை சுடுபவர்: ஏறக்குறைய 33 விழுக்காடு
- 100க்கு 50 முறை சுடுபவர்: ஏறக்குறைய 3 விழுக்காடு

மூன்று முயற்சிகள் அளிக்கப்பட்டால், ஐந்தில் ஒரு குண்டைத் தவறவிடும் இயல்புடையவரும் ஏதேனும் ஒன்றில் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 70 விழுக்காடாக உயர்கிறது. அவரே காட்டில் சுடும்போது, ஐந்து விலங்குகளில் ஒன்று காயத்துடன் தப்பக்கூடும். எனவே தேறினார் என்பது மட்டும் திறனுக்கு முழுச் சான்று ஆகாது. எத்தனையாவது முயற்சியில் தேறினார் என்பதையும் வேட்டையாளர் தமக்குள் கணக்கில் கொள்ள வேண்டும்.

தேர்வு அளக்காதவை

- விலங்கின் அளவு: மூசு தோளளவில் ஏறக்குறைய 2 மீட்டர் உயரமுடையது, ரோ மான் 75 செ.மீ. அளவே உயரும். மூசுக்குப் போதுமான 30 செ.மீ. வட்டம், ரோ மானின் நெஞ்சுப் பகுதியைவிடப் பெரிது.
- முதல் குண்டு: வேட்டையில் பெரும்பாலும் முதல் குண்டே முடிவைத் தீர்மானிக்கிறது. அது குளிர்ந்த குழலிலிருந்து, முன்பயிற்சி ஏதுமின்றிச் சுடப்படுவது. தேர்விலோ பல முறை சுட்டுக் கை பழகிய பின்னரே சுடுகின்றனர்.
- உடல்நிலை: மேடேறி மூச்சிரைக்கும்போதும், விலங்கைக் கண்டு இதயம் படபடக்கும்போதும் துப்பாக்கி அசையும்.
- நிலை: படுத்துச் சுடுபவரைவிட, நின்று தாங்கலின்றிச் சுடுபவரின் குண்டுகள் பன்மடங்கு சிதறும்.
- நகர்வு: நொடிக்கு 800 மீட்டர் விரைவில் செல்லும் குண்டு 80 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.1 நொடி ஆகும். அதற்குள், மணிக்கு 18 கி.மீ. விரைவில் ஓடும் விலங்கு 50 செ.மீ. முன்னேறிவிடும். நெஞ்சைக் குறி வைத்த குண்டு வயிற்றில் படுவதற்கு இதுவே காரணம்.

தற்சோதனை

இக்குறைகளை ஈடுசெய்ய, வேட்டையாளர்கள் தாமே செய்துகொள்ளும் எளிய சோதனை ஒன்று உண்டு. 20 செ.மீ. அளவுள்ள காகிதத் தட்டு ஒன்றைக் குறியாக வைத்து, படுத்தும், அமர்ந்தும், முழந்தாளிட்டும், நின்றும் தனித்தனியே சுட வேண்டும். எல்லாக் குண்டுகளும் தட்டில் படும் மிகக் கூடிய தொலைவே அந்த நிலையில் அவருக்குரிய எல்லை. படுத்த நிலையில் 150 மீட்டர் எட்டும் ஒருவருக்கு நின்ற நிலையில் 50 மீட்டர் கூட எட்டாமற் போகலாம். துப்பாக்கியின் ஆற்றல் இந்த எல்லையைக் கூட்டுவதில்லை.

விளையாட்டுடன் தொடர்பு

வேட்டைப் பயிற்சியிலிருந்து தோன்றிய ஓடும் மான் சுடுதல், 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இதில் ஏறக்குறைய 100 மீட்டர் தொலைவில் நகரும் மான் உருவத்தைச் சில நொடிகளுக்குள் சுட வேண்டும். அப்போது 60 வயதான சுவீடனின் ஒசுகார் சுவான் தங்கப் பதக்கம் வென்றார். 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப்பில் தமது 72ஆம் வயதில் அணிப் போட்டியில் வெள்ளி வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற மிக மூத்த விளையாட்டு வீரர் ஆனார். நகரும் குறியைச் சுடும் போட்டி 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்குடன் அவ்விளையாட்டுகளில் முடிவுக்கு வந்தது.

இவற்றையும் பார்க்க

- துப்பாக்கி சுடும் விளையாட்டு
- மூசு
- நிகழ்தகவு