நாணல் பெற்ற இரட்டையர்

அழகர்கோவிலின் பழைய கோட்டை மதிலருகே மாணவர்களோடு நின்றிருந்தேன். "இந்த மதிலை எதைக்கொண்டு ஐயா உடைப்பார்கள்?" என்றான் ஒருவன். "பீரங்கியால், ஆங்கிலத்தில் கேனன்" என்றேன். "கேனன் என்றால் திருச்சபைச் சட்டம் என்றல்லவா அகராதியில் இருக்கிறது?" என்றான். மற்றவர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. வெடிகுழாய்க்கும் வேத விதிக்கும் ஒரே ஒலியா? வீடு திரும்பியதும் அகராதிகளைப் புரட்டினேன்.

தோழர்களே, இரண்டுக்கும் வேர் ஒரு நாணல்! மெசபடோமிய ஆற்றங்கரை நாணலை அக்காடியர் 'கனூ' என்றனர். கிரேக்கரும் இலத்தீனியரும் 'கன்னா' என்றனர். நாணலின் உள்ளே வெற்றிடம். ஆகவே அச்சொல் குழாய்க்கு ஆகிவந்தது. பெருங்குழாயை இத்தாலியர் 'கன்னோனே' என்றனர். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அப்பெருங்குழாய் குண்டு உமிழத் தொடங்கிற்று. கால்வாயைக் குறிக்கும் 'கெனால்', எம்போன்ற ஆசிரியர் கையில் பிரம்பாக ஆடிய 'கேன்' எல்லாம் அக்குடும்பத்துப் பிள்ளைகளே.

நாணல் நேரானதும் ஆயிற்றே! நேர்கோல் அளவுகோலாயிற்று, அளவுகோல் விதியாயிற்று. கிரேக்கத்தில் அதற்குக் 'கானோன்' என்று பெயர். திருச்சபை அச்சொல்லை எடுத்துத் தன் சட்டத்துக்குச் சூட்டியது. மறைநூலில் எந்த ஏடு சேரும், எந்த ஏடு சேராது என்று மனிதர் வகுத்த பட்டியலுக்கும் சூட்டியது. தச்சன் கைக்கோல், மாற்றொணா மறையாகிவிட்டது! இவ்விரு சொற்களையும் ஆங்கிலத்தில் பிரிப்பது ஒரேயோர் எழுத்து. பிரெஞ்சு மொழியில் அந்த வேற்றுமையும் இல்லை.

தமிழன் குழாயைப் பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்தவனைப் பார்த்தான். 'பிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயர் பாரசீகத்தில் 'ஃபிரங்கி' ஆயிற்று. அது இங்கே ஆளுக்குப் 'பறங்கி' என்றும் ஆயுதத்துக்குப் 'பீரங்கி' என்றும் நிலைத்தது. அமெரிக்க மண்ணிலிருந்து வந்த காய்கூடப் பறங்கிக்காய்தான்.

பறங்கியும் பீரங்கியும் அழகர்மலைப் பக்கம் வந்த ஆண்டு 1755. நவாபுக்கு வரி தண்டப் புறப்பட்ட கும்பினிப் படைக்குத் தலைவன் கர்னல் ஹெரான். மலைக்குத் தெற்கே திருமோகூர்க் கோயிலை வளைத்தான். கதவருகே வைக்கோலைக் குவித்துக் கொளுத்தி உள்ளே நுழைந்தான். சிலைகளை வாரினான். பக்தியாலா? மீட்புப்பணம் கிடைக்குமென்ற கணக்கால்!

மே மாத இறுதியில் அப்படை நத்தம் கணவாயில் நுழைந்தது. ஒரே அணிவகுப்பில் பீரங்கியும் போயிற்று, சாமியும் போயிற்று. காட்டு வழி, குறுகிய பாதை. படைவண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. மாடுகள் இழுத்தும் அசையவில்லை. பின்படை முன்படையினின்று துண்டாயிற்று. இருபுறக் காடுகளினின்றும் ஈட்டியேந்திய கள்ளர் நாட்டு மக்கள் பாய்ந்தனர். குண்டுகளுக்கு அஞ்சாது சிலைகளை மீட்டுத் தூக்கிச் சென்றனர்.

சென்னைக்குத் திரும்பிய ஹெரானை இராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. இதை மறுநாள் வகுப்பில் சொன்னபோது அந்த மாணவன் மீண்டும் எழுந்தான்: "வண்டியில் ஏற்றியபோது சாமி ஏன் ஐயா சும்மா இருந்தது?"