நன்னீர்த் தரம் காட்டும் சிற்றுயிர்கள்

குளம், ஓடை, கேணி ஆகியவற்றின் அடியில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களைக் கொண்டு நீரின் தரத்தை மதிப்பிடும் முறை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1908-09இல் இதற்கு அடித்தளமிட்டனர்.

இரசாயனச் சோதனை, மாதிரி எடுத்த நேரத்து நிலையையே சொல்லும். மாதக்கணக்கில் நீருக்குள் கிடக்கும் பூச்சிக் குடம்பியோ இடையில் வந்துபோன மாசையும் காட்டிக்கொடுக்கும். அள்ளிய சேற்றை வெள்ளைத் தட்டில் அலசினால், வயிற்றின் இருபுறமும் செவுள்கள் துடிக்க, வால் இழைகளோடு நகர்வது மே ஈயின் குடம்பி. பெரும்பாலும் ஒட்சிசன் மிகுந்த நீரையே நாடுவது. சிவப்பாக நெளிவது கைரோனோமிட் புழு. அதன் ஈமோகுளோபின், மூச்சுமுட்டும் சேற்றிலும் அதை வாழவைக்கிறது. அதுவே மலிந்து மற்றவை மறைந்தால், கழிவு கலந்திருப்பதாக ஐயுற வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் தேக்கிய நிலத்தடி நீரே ஆதாரம். ஆகவே, ஓடும் ஆறுகளுக்காகப் பிரிட்டனில் வகுத்த, சிற்றுயிர்களுக்கு 1 முதல் 10 வரை தரும் மதிப்பெண் அட்டவணை இங்கு அப்படியே பொருந்தாது. அதில் முதலிடம் பெறும் கல் ஈக்கள் இங்குள்ள குளங்களில் இல்லாதது மாசுக்குச் சான்றாகாது. தும்பிக் குடம்பி, நத்தை, நீர்வண்டு ஆகியவற்றையே பார்க்க வேண்டும். கடலோரத்தில் உவர் ஏறினாலும் இவற்றின் கூட்டம் மாறும்.

தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் கிணறுகளில் சேர்க்கும் நைத்திரேற்றை இச்சிற்றுயிர்களைக் கொண்டு அளக்க முடியாது; அதற்கு இரசாயனச் சோதனையே வழி. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.