பெல்ஃபாஸ்ட் தெருவும் நியூயார்க் ஸ்டுடியோவும்

கடன், வட்டி என்று கணக்குப் பார்க்கிறவனுக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் எதுக்கு என்று கேட்பீர்கள். இது பாட்டு சமாச்சாரம் மட்டும் இல்லைங்க, ஊரை விட்டு வந்தவன் சமாச்சாரமும் கூட.

வான் மாரிசன் 1945-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியன். அமெரிக்க ஜாஸ், ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பையன் அதைக் கேட்டே வளர்ந்தான்.

1967-ல் 'பிரவுன் ஐட் கேர்ள்' அமெரிக்காவில் ஹிட். அந்த வருஷக் கடைசியிலேயே தயாரிப்பாளர் பெர்ட் பெர்ன்ஸ் இறந்துபோனார். ஆனால் ஒப்பந்தம் சாகவில்லை! பேசியபடி பாட்டு தந்தாக வேண்டும். மாரிசன் என்ன செய்தார் தெரியுமா? வாய்க்கு வந்ததை முப்பதுக்கும் மேற்பட்ட குட்டிப் பாட்டுகளாகப் பாடிக் கொடுத்துவிட்டார். எண்ணிக்கை சரி, சரக்கு பூஜ்யம். (இந்த மாதிரி வாடிக்கையாளர் எல்லா ஊரிலும் உண்டு.)

பிறகு வார்னர் பிரதர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1968 செப்டம்பர் 25, அக்டோபர் 1, அக்டோபர் 15. நியூயார்க்கில் மூன்றே நாள் பதிவு. அதுதான் 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்'. தயாரிப்பாளர் லூயிஸ் மெரென்ஸ்டைன் கூட்டி வந்தவர்கள் எல்லாம் ஜாஸ் கைகள். பாஸ் வாசித்த ரிச்சர்ட் டேவிஸ், மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் டிரம்மர் கானி கே, மிங்கஸுடன் வாசித்த கிடாரிஸ்ட் ஜே பெர்லினர். யாருக்கும் இசைக்குறிப்புத் தாள் கிடையாது. 23 வயசுப் பையன் கிடாரோடு பாடுவான், இவர்கள் கேட்டுக்கொண்டே பின்தொடர வேண்டும். நம்ம கச்சேரியில் பாடகர் போகிற போக்கைப் பார்த்து வயலின்காரர் கூடவே போவாரே, அது மாதிரி.

அவன் பாடியதோ பெல்ஃபாஸ்டை. 'சைப்ரஸ் அவென்யூ' அவன் வளர்ந்த தொழிலாளர் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும், மரங்கள் அடர்ந்த பணக்காரத் தெரு. அப்பா வாங்கிய தட்டுகளில் அமெரிக்கா பெல்ஃபாஸ்டுக்கு வந்தது. மகன் பாட்டில் பெல்ஃபாஸ்ட் அமெரிக்காவுக்குப் போனது.

நவம்பர் 1968-ல் தட்டு வெளிவந்தது. பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆகஸ்டில், 1969-ல், பெல்ஃபாஸ்டில் கலவரம். வீடுகள் எரிந்தன, தெருவில் ராணுவம் இறங்கியது, முப்பது வருஷம் ரத்தம் ஓடியது. மாரிசன் பாடி வைத்த ஊர் அந்தத் தட்டில்தான் மிச்சம்.

அமெரிக்காவில் அதற்குத் தங்கத் தட்டுச் சான்று, அதாவது ஐந்து லட்சம் பிரதி, 2001-ல்தான் கிடைத்தது. 33 வருஷம்! எந்த மேலாளரும் அத்தனை காலம் காத்திருக்க மாட்டார்.

நம் மனசில் இருக்கும் ஊரும் நாம் கிளம்பிய வருஷத்தோடு நின்றுபோனதுதானே? லீவுக்குப் போனால் அங்கே இருப்பது வேற ஊர். அந்தப் பழைய தெருவைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். ரிச்சர்ட் டேவிஸ் மாதிரி, பார்க்காத ஊருக்கும் தாளம் போடுவார்கள்.