சுவிகாரமும் காப்பும்: உரோமச் சட்டமும் நம் நாட்டு வழக்கும்

பவுல் தமது நிருபங்களில் ஐந்து இடங்களில் வழங்கும் கிரேக்கச் சொல்லொன்றை நமது திருமறை ‘புத்திர சுவிகாரம்’, ‘சுவிகார புத்திரர்’ என்று பெயர்த்துள்ளது. பிரசங்கங்களில் இது பெரும்பாலும் அநாதைக்கு அளிக்கும் அடைக்கலமாகவே விளக்கப்படுகிறது. சட்ட வரலாற்றை நோக்கினால், சுவிகாரம் அடைக்கலத்தினும் மேலானது என்பது விளங்கும்.

உரோமர் பெரும்பாலும் வளர்ந்த ஆடவரையே சுவிகாரம் செய்தனர். குடும்பப் பெயரும் குலவழிபாடும் சொத்தும் அற்றுப்போகாதிருத்தலே அவர்களது நோக்கம். ஒருவர் தம் மகனைப் பிறருக்குச் சுவிகாரம் கொடுக்க வேண்டுமாயின், சடங்குமுறையில் அவனை மும்முறை விற்பார். மும்முறை விற்ற தந்தை மகன்மீதுள்ள அதிகாரத்தை இழப்பார் எனப் பன்னிரு பலகைச் சட்டம் விதித்திருந்ததே இதற்குக் காரணம். பின்னர் ஏற்பவர் அதிகாரியின் முன்னிலையில் அவனைத் தம் மகனென உரிமை கோருவார். தந்தையின் அதிகாரத்துக்கு உட்படாத ஒருவனை ஏற்பதற்கோ மக்களவையின் இசைவு தேவைப்பட்டது. இத்தகையவனுடைய பழைய கடன்கள் முற்றும் ஒழிந்தன என்று போதிப்பதுண்டு. சட்டப்படி அவை அற்றுப்போயினும், பிரேத்தர் என்னும் நீதியதிகாரி கடன் கொடுத்தோருக்கு வேறு பரிகாரம் வழங்கினார். ஆதலால் இவ்வுவமையை எச்சரிக்கையுடன் கையாளுதல் நன்று. ஆயினும் புதிய குடும்பத்தில் அவனது உரிமை முழுமையானது. கி.பி. 50இல் கிலவுதியு இராயன் நீரோவைச் சுவிகாரம் செய்தான். 54இல், இராயனின் சொந்த மகன் உயிரோடிருக்கையிலேயே, நீரோ அரியணை ஏறினான்.

நமது காவிரி நாட்டிலும் இத்தகைய உரிமை வழக்காடப்பட்டது. 1787இல் தஞ்சை மன்னர் துளஜா, தாம் இறக்குமுன் சிறுவன் சரபோஜியைச் சுவிகாரம் செய்தார். திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டுகள் ஊழியஞ்செய்த சுவார்ட்ஸ் ஐயரைச் சிறுவனுக்குப் பாதுகாவலராகும்படி வேண்டினார். சிறுவன் தன் பெற்றோருக்கு ஒரே மகன், வயது மிஞ்சியவன் என்னும் காரணங்களால் சுவிகாரம் செல்லாதெனப் பண்டிதர் கூறவே, மன்னரின் சகோதரர் அமர்சிங் அரசரானார். பின்னர் வடநாட்டுப் பண்டிதரும் உசாவப்பட்டனர். சுவிகாரம் செல்லுமென முடிவாயிற்று. 1798இல் சரபோஜி முடிசூடினார். அதே ஆண்டு பிப்ரவரியில் சுவார்ட்ஸ் காலமாகியிருந்தார். சிறுவனுக்காகப் பரிந்து நின்றது பாதுகாவலரின் அன்பு. அரசுரிமை அளித்ததோ சுவிகாரம்.

இந்தியக் கிறிஸ்தவரோ நெடுங்காலம் காப்போடு நிற்க நேர்ந்தது. 1956ஆம் ஆண்டு இந்து சுவிகாரச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் அவர்கள் காப்பாளர் ஆகலாம். பெற்றோர் ஆக இயலாது. பிள்ளை வயதுக்கு வந்ததும் அக்காப்பும் முடிவுற்றது. சுதந்தரமும் அச்சட்டத்தால் கிட்டவில்லை. 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் எம்மதத்தவருக்கும் வழி திறந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தத்து ஆணை பிறந்த நாள்முதல் பிள்ளை எல்லா வகையிலும், சுதந்தரம் உட்பட, ஏற்றோரின் பிள்ளையே. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இவ்வாணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார்.

கலாத்தியர் நான்காம் அதிகாரத்தில் பவுலும் காரியக்காரருக்குக் கீழ்ப்பட்ட நிலையையும் புத்திரருக்குரிய நிலையையும் எதிரெதிரே வைக்கிறார். ஆகவே போதகர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. தொட்டியம் போன்ற ஊர்களில் பிள்ளையற்ற தம்பதியர் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் தங்களைப் பெற்றோர் என எழுதும்படி கேட்கக்கூடும். அப்பதிவு சுவிகாரம் ஆகாது. பிற்காலத்தில் அப்பிள்ளை உரிமையின்றி நிற்க நேரிடும். முறையான ஆணையைப் பெறும் வழியை முதலில் அவர்களுக்குக் காட்டுவோமாக. பீடத்திலிருந்து நாம் போதிக்கும் புத்திர சுவிகாரம், நம் சபையில் வளரும் பிள்ளைக்கும் குறைவின்றிக் கிட்டுதல் வேண்டும்.