லேப்டாப்பில் சிம் இருக்கு, லினக்ஸில் நெட் வரலையா? சோதிக்க வேண்டிய 5 இடங்கள்

ரயிலில் போகும்போது ஆபீஸ் மீட்டிங். லேப்டாப்பிலேயே சிம் இருக்கு, டேட்டா பேக்கும் இருக்கு. ஆனா லினக்ஸில் மொபைல் பிராட்பேண்ட் மட்டும் கனெக்ட் ஆகலை. உடனே புது கார்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். பல நேரம் மோடம் நல்லாத்தான் இருக்கும். எங்கேயோ பூட்டு விழுந்திருக்கும். இந்த வரிசையில் சோதியுங்கள்.

1. கார்டு இருக்கா?

'டபிள்யூவேன் ரெடி' என்று விற்கும் சில மாடல்களில் ஆன்டெனா மட்டும்தான் இருக்கும், மோடம் இருக்காது. டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி, எல்எஸ்பிசிஐ இரண்டையும் ஓட்டுங்கள். குவெக்டெல், ஃபைபோகாம், சியரா போன்ற பெயர் எதுவும் வரவில்லையா? பயோஸில் டபிள்யூவேன் ஆஃப் ஆகியிருக்கா என்று பாருங்கள்.

பெயர் வந்தும் மோடம்மேனேஜரில் தெரியவில்லை என்றால், கர்னல் பழசாக இருக்கலாம். லினக்ஸில் டபிள்யூவேனுக்குத் தனிப் பிரிவு வந்ததே 2021-ல், 5.13 பதிப்பில்தான்.

2. ரேடியோ ஆனில் இருக்கா?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். சாஃப்ட் பிளாக் என்றால் கட்டளையிலேயே எடுத்துவிடலாம். ஹார்டு பிளாக் என்றால் கீபோர்டு சுவிட்ச் அல்லது பயோஸ்.

3. சிம் தெரியுதா?

எம்எம்சிஎல்ஐ கட்டளையில் மோடம் விவரத்தைப் பாருங்கள். 'சிம் மிஸ்ஸிங்' என்றால் சிம்மை எடுத்துச் சரியாகப் போடுங்கள். இசிம் உள்ள மாடலில் வேறு ஸ்லாட் ஆக்டிவாக இருக்கலாம். பின் லாக் இருந்தால் பின் நம்பர் கொடுங்கள்.

4. எஃப்சிசி லாக்

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். சிம் தெரியும், ஆனா பவர் 'லோ'விலேயே நிற்கும், எனேபிள் ஆகாது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் ரேடியோ விதிகளுக்காக, லேப்டாப் நிறுவனங்கள் போடும் பூட்டு இது. அமெரிக்காவுக்கு வெளியே விற்ற லேப்டாப்பிலும் வரும்.

முன்பு மோடம்மேனேஜரே இதைத் திறந்தது. 1.18.4 பதிப்பு முதல் தானாகத் திறக்காது. 'எஃப்சிசி-அன்லாக்.அவைலபிள்.டி' ஃபோல்டரில் உங்கள் கார்டின் ஐடி உள்ள ஸ்கிரிப்டைத் தேடி, 'எஃப்சிசி-அன்லாக்.டி' ஃபோல்டருக்கு லிங்க் கொடுங்கள். லெனோவோ சில மாடல்களுக்குத் தனி அன்லாக் டூலே தருகிறது. வேறு கார்டுக்கான ஸ்கிரிப்டைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

5. ஏபிஎன் சரியா?

சிக்னல் இருந்தும் நெட் இல்லை என்றால் நெட்வொர்க்மேனேஜரில் ஏபிஎன் பாருங்கள். ஜியோவுக்கு 'ஜியோநெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்'. இரண்டையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லையா? அதே சிம்மை போனில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால், மோடம்மேனேஜர் லாகோடு சர்வீஸ் சென்டர் போகலாம். கார்டுக்குச் செலவு செய்வது அதற்கு அப்புறம்தான்.